மூளைத்தாக்கும் வலிமை மீட்பும்

மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ, குருதிக்குழாய் வெடித்துக் கசிவதாலோ, அப்பகுதியின் நரம்புயிர்மிகள் செயலற்றுப் போகும் நிலையே மூளைத்தாக்கு. மக்கள் இதனைப் பக்கவாதம் என்று வழங்குவர். நோய் நிகழ்வது மூளையில். கையும் காலும் ஒருபுறமாகச் சோர்வது அந்நோயின் விளைவு. இவ்வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். சோர்ந்த கைகால்களில் எண்ணெய் தேய்த்தும், சில ஊர்களில் புறாவின் குருதியைப் பூசியும், விலைமதிப்பற்ற முதல் மணிப்பொழுதுகளை இழக்கும் வழக்கம், நோய் தோலிலும் தசையிலும் உறைவதாக எண்ணும் பிழையிலிருந்தே எழுந்தது.

குழாய் அடைபட்டு நேர்வது தடைத்தாக்கு. குழாய் வெடித்து நேர்வது கசிவுத்தாக்கு. இவற்றுள் முன்னதே மிகுதி. உடலெடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, உடல் ஏற்கும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை நுகர்கிறது. சேமிப்பென எதையும் வைத்துக்கொள்ளாத அவ்வுறுப்பு, குருதி நின்ற சில மணித்துளிகளுக்குள் அழியத் தொடங்குகிறது. பெருங்குழாய் ஒன்று அடைபட்டால் மணித்துளிக்கு 19 நூறாயிரம் நரம்புயிர்மிகள் மடிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் சேவர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4½ மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்னும் வரையறை இவ்வழிவின் விரைவைக் கருதியே வகுக்கப்பட்டது. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் ஒருவர்க்கு வாய் கோணி, கை தாழ்ந்து, பேச்சுக் குழறினால், 108 மருத்துவ ஊர்தியை அழைத்து, இடைவழிச் சிறு மருந்தகங்களில் பொழுது போக்காமல், சென்னை–திருச்சி நெடுஞ்சாலை வழியே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெருமருத்துவமனைக்கு நேரே செல்வதே அறிவுடைமை. அந்த முதற்பொழுதின் மருத்துவம் தனி நூலுக்குரியது; இங்கு நாம் ஆராயப் புகுவது, உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் இழந்த வலிமையையும் துணிவையும் பயிற்சியால் மீட்கும் நெறியை.

மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகளுள் பெரும்பாலானவை முகுளத்தின் கீழ்ப்பகுதியில் இடம்வலமாக மாறிச் செல்கின்றன. ஆகவே இடமூளை தாக்குற்றால் வலப்புறமும், வலமூளை தாக்குற்றால் இடப்புறமும் தளரும். இத்தளர்ச்சியை மூன்றாகப் பகுத்துக் காணலாம். தசையைச் சுருக்கும் ஆற்றல் குறைவது வலிமையிழப்பு. வேண்டிய தசையை மட்டும் வேண்டிய அளவில் இயக்க இயலாமை ஆட்சியிழப்பு. இயலும் செயலையும் இயலாதென எண்ணி ஒதுங்குவது துணிவிழப்பு. மருத்துவமனைக் குறிப்பேடுகளில் முதலிரண்டும் எழுதப்படுகின்றன. மூன்றாவது எழுதப்படுவது அரிது. ஆயினும் ஒருவர் எஞ்சிய வாழ்நாளைக் கட்டிலில் கழிப்பாரா, திண்ணையில் கழிப்பாரா, தெருவில் கழிப்பாரா என்பதில் அதற்குப் பெரும்பங்குண்டு.

வலிமையை அளக்க 0 முதல் 5 வரையான படிநிலை உலகெங்கும் வழங்குகிறது. தசையில் அசைவே இல்லையெனில் 0. சிறு துடிப்பு மட்டும் தோன்றினால் 1. புவியீர்ப்பு தடுக்காத கிடைநிலையில் உறுப்பு அசைந்தால் 2. புவியீர்ப்பை எதிர்த்து உயர்ந்தால் 3. பிறர் கையின் எதிர்ப்பையும் ஓரளவு தாங்கினால் 4. இயல்பான வலிமை 5. பயிற்சியைத் தேர்வதற்கு இதுவே அடிப்படை. இரண்டாம் படியில் உள்ள கையை மேலே தூக்கச் சொல்வது வீண்; அதனை ஒரு பலகைமேல் கிடத்தி, வழுக்கும் துணியின் துணையால் முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்ல வேண்டும். மூன்றாம் படியை எட்டியவர்க்கு அதே பலகைப் பயிற்சி போதாது.

ஆட்சி மீளும் ஒழுங்கைச் சிக்னி பிரன்சுடிரோம் என்னும் இயன்முறை மருத்துவர் ஆறு நிலைகளாக வகுத்து, 1970இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். முதலில் உறுப்பு துவண்டு கிடக்கும். பின்னர் மெல்ல இறுக்கம் தோன்றும். மூன்றாம் நிலையில் இறுக்கம் உச்சமடைந்து, தோளைத் தூக்க முயன்றால் முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்தே மடங்கும். இதனைக் கூட்டியக்கம் எனலாம். நான்காம் நிலையிலிருந்து அக்கூட்டு தளர்ந்து, ஒவ்வொரு மூட்டும் தனித்தியங்கத் தொடங்கி, ஆறாம் நிலையில் இயல்பை அணுகும். எல்லாரும் ஆறாம் நிலையை அடைவதில்லை. சிலர் இடையிலேயே நின்றுவிடுவர். எனினும் இவ்வொழுங்கை அறிந்த வீட்டார், கை இறுகத் தொடங்கியது கண்டு நோய் முற்றிவிட்டதென்று நடுங்கமாட்டார்கள். துவண்ட கை இறுகுவது பெரும்பாலும் மீட்சிப் பாதையின் ஓர் இடைநிலையே.

இனி, மடிந்த நரம்புயிர்மிகள் மீண்டும் பிறவாவிடினும் இழந்த இயக்கம் மீள்வது எவ்வாறு என்னும் வினா எழும். மூளையின் எஞ்சிய பகுதிகள் தம் இணைப்புகளை மாற்றியமைத்துப் புதுப் பணியை ஏற்கும் இயல்பே அதற்கு விடை. அவ்வியல்பை மூளை நெகிழ்மை என்போம். மதுராந்தகம் ஏரியிலிருந்து வயலுக்கு வரும் தலைக்கால் தூர்ந்துபோனால், பக்கத்துச் சிறுகால்களை வெட்டி அகலப்படுத்தி நீரைக் கொணர்வது போன்றது இது. வெட்டுவாரின்றிச் சிறுகால் தானே அகலாது. இராண்டால்பு நூடோவும் அவர் குழுவினரும் 1996இல் வெளியிட்ட அணிற்குரங்கு ஆய்வு இதற்குத் தெளிந்த சான்று. கையை ஆளும் புறணிப் பகுதியில் சிறு அழிவு நேர்ந்த குரங்குகளைப் பயிற்சியின்றி விட்டபோது, அழிவைச் சூழ்ந்திருந்த நலமான கைப்பகுதியும் சுருங்கிப் போயிற்று. குழியிலிருந்து உணவுருண்டையை விரலால் எடுக்கும் பயிற்சியை நாள்தோறும் பெற்ற குரங்குகளிலோ அப்பகுதி காக்கப்பட்டது. சிலவற்றில், தோளையும் முழங்கையையும் ஆண்ட பகுதிக்குள்ளும் கையின் ஆட்சி பரவிற்று. எனவே பயிற்சியின்மை இருந்த நிலையைக் காப்பதில்லை, எஞ்சியதையும் அழிக்கிறது.

இவ்வுண்மையை வேறொரு வாயிலாகக் கண்டவர் எட்வர்டு டாப் என்னும் ஆய்வாளர். தளர்ந்த கையைப் பயன்படுத்த முயன்று, பலமுறை தோற்று, நலமான கையாலேயே எல்லாம் செய்துகொள்ளப் பழகியவர், தளர்ந்த கையில் சிறிது ஆற்றல் மீண்ட பின்னும் அதனை நாடுவதில்லை. இதனைக் கைவிடற் பழக்கம் என்று குறிக்கலாம். அதற்கு அவர் வகுத்த மருத்துவம் கடுமையானது: விழித்திருக்கும் பொழுதில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் நலமான கைக்கு உறையிட்டுத் தடுத்து, தளர்ந்த கையை நாள்தோறும் பல மணி நேரம் இரு கிழமைகள் பழக்குதல். தாக்குற்று 3 முதல் 9 திங்கள் கடந்த 222 பேரிடம் நடத்தப்பெற்று 2006இல் வெளிவந்த ஆய்வு, வழக்கமான பேணலைவிட இம்முறை கைத்திறனை மிகுதியாக உயர்த்தியதெனவும், அவ்வுயர்வு ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்ததெனவும் காட்டிற்று. ஆனால் இது மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் விரிக்கக்கூடியவர்க்கே உரியது. முற்றும் துவண்ட கைக்கு இது பொருந்தாது.

துவண்ட கைக்கும் ஒரு வழி உண்டு. சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு நிகழ்த்தும் வி.எஸ். இராமச்சந்திரன், உறுப்பிழந்தார்க்கு இல்லாத கையில் தோன்றும் வலியைத் தணிக்க ஓர் ஆடியைக் கருவியாக்கினார். அவரையும் உள்ளிட்ட குழுவினர் அம்முறையை மூளைத்தாக்குற்றவர்க்கும் கையாண்டு 1999இல் வெளியிட்டனர். இரு கைகளுக்கும் நடுவே ஆடியை நிறுத்தி, தளர்ந்த கையை அதன்பின் மறைத்து, நலமான கையை அசைத்தால், ஆடியில் தோன்றுவது தளர்ந்த கை அசைவதாகவே கண்ணுக்குப் படும். கண்வழி வரும் அச்செய்தி இயக்கப் புறணியைத் தூண்டுகிறது. பின்வந்த பல ஆய்வுகளின் தொகுப்புகளும் ஏனைய பயிற்சிகளோடு இதனைச் சேர்த்துச் செய்வதால் பயனுண்டென்றே கூறுகின்றன. முகம் பார்க்கும் ஆடியொன்று இல்லாத வீடு கருங்குழியில் இராது. அறிவு வந்து சேர்ந்தால் போதும். கருவி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

வலிமைப் பயிற்சியைப் பற்றி நெடுங்காலம் ஓர் அச்சம் நிலவியது. இறுகிய தசையை எதிர்ப்புக் கொடுத்துப் பழக்கினால் இறுக்கம் மேலும் மிகும் எனக் கருதி, எடை தூக்குதலையும் எதிர்த்துத் தள்ளுதலையும் பல பயிற்சிப் பள்ளிகள் விலக்கின. இன்று அக்கருத்துக்குச் சான்றில்லை. வலிமைப் பயிற்சி இறுக்கத்தை வளர்ப்பதில்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. அமெரிக்க நெஞ்சாங்குலைக் கழகம் 2014இல் வெளியிட்ட அறிவுரை, கிழமைக்கு 3 முதல் 5 நாள் 20 முதல் 60 மணித்துளி வரையான நடை முதலிய உயிர்வளிப் பயிற்சியையும், 2 முதல் 3 நாள் வலிமைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே அளவான கடுமை. குருதியழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதென மருத்துவர் உறுதி செய்த பின்னரே இதனைத் தொடங்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் அக்கணமே நிறுத்த வேண்டும்.

எப்போது தொடங்குவது? விரைவே நன்றென்று எண்ணியவர்கள் ஆத்திரேலிய ஆய்வாளர் தலைமையில் 5 நாடுகளில் 2104 பேரிடம் ஆய்ந்து முடிவை 2015இல் வெளியிட்டனர். தாக்குற்ற 24 மணி நேரத்துக்குள்ளேயே மிகுதியாக எழுப்பி நடத்தப்பட்டவர்களுள் 46 விழுக்காட்டினரும், வழக்கமான அளவில் எழுப்பப்பட்டவர்களுள் 50 விழுக்காட்டினரும் மூன்றாம் திங்களில் நன்னிலை எய்தினர். முதல் நாளின் மிகைப்பயிற்சி நன்மை தரவில்லை. அந்நாள் கடந்து உடல் நிலைபெற்றபின் சிறுகச் சிறுகத் தொடங்கி, அடுத்த மூன்று திங்களை வீணாக்காது பயன்கொள்வதே முறை. மீட்சியின் பெரும்பகுதி அத்திங்களில்தான் நிகழ்கிறது. ஆனால் அதன்பின் கதவு மூடிவிடுவதில்லை.

கதவு மூடுவதில்லை என்பதற்கு அமெரிக்காவில் வாழ்ந்த பேதுரோ பாக்-இ-ரீட்டா என்னும் கல்லூரி ஆசிரியரின் மீட்சி புகழ்பெற்ற சான்று. 1950களின் இறுதியில் தாக்குற்றுப் பேச்சும் நடையும் இழந்த அவரை, மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மகன் சார்சு, குழந்தையைப் பழக்குவதுபோல் முதலில் தவழச் செய்து, பின்னர் நிற்கவும் நடக்கவும் பழக்கினார். கண்ட அக்கம்பக்கத்தார் இரக்கமற்ற செயலென்று கடிந்தனர். தந்தையோ மீண்டும் ஆசிரியப் பணி செய்தார். 1965இல் கொலம்பியாவின் மலையொன்றில் ஏறியபோது இறந்தார். உடலை ஆய்ந்தபோது மூளைத்தண்டின் பேரழிவு ஆறாமலே இருந்தது. அழிவு அப்படியே இருக்க, ஆள் மீண்டிருந்தார்.

ஒருவரின் வரலாறு ஊக்கம் தரும்; நெறியாகாது. நெறி வகுக்க ஒப்பாய்வுகள் வேண்டும். எனக்கு இத்துறையில் மிகப் பெரும் ஒளி தந்தவை, முரண்படுவன போல் தோன்றும் இரு ஆய்வுகள். முதலாவது, பமீலா டங்கன் தலைமையில் அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்து 2011இல் வெளிவந்தது. உடலைக் கச்சையால் தாங்கி ஓடுபொறியில் நடக்கப் பழக்குவது மேலானதா, இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து வலிமையையும் நிலைப்பையும் பழக்குவது மேலானதா என அது ஒப்பிட்டது. ஓராண்டின் முடிவில் மொத்தத்தில் 52 விழுக்காட்டினர் நடையில் மேம்பட்டனர். பொறிக்கும் வீட்டுக்கும் வேறுபாடில்லை. தாக்குற்று ஆறு திங்கள் கழித்துப் பொறிப்பயிற்சி தொடங்கியவர்களும் பின்தங்கவில்லை. இரண்டாவது நம் நாட்டினது. லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர், 14 மருத்துவமனைகளில் 1250 பேரைக் கொண்டு, வீட்டாரையே பயிற்றுநராக்கும் முறையை ஆய்ந்து 2017இல் வெளியிட்டனர். ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபோது, இறந்தோரும் பிறரைச் சார்ந்தோரும் சேர்ந்து இரு குழுவிலும் 47 விழுக்காடே. வீட்டார் பயிற்சியால் கூடுதல் பயன் விளையவில்லை.

இம்முடிவு பலரைச் சோர்வுறச் செய்தது. என்னைச் சிந்திக்கச் செய்தது. அமெரிக்க ஆய்வில் பயின்ற மருத்துவர் ஒன்றரை மணி நேரம் வீதம் 36 முறை உடனிருந்து பழக்கினார். இந்திய ஆய்வில், மருத்துவமனையில் சில நாள் கற்பித்தபின், வீட்டுக்கு வந்தது மிகுந்தால் 6 முறை. நோயின் கடுமையும் தொடங்கிய காலமும் வேறுவேறானமையால் இரண்டையும் நேர்நிறையில் நிறுத்த முடியாது. ஆயினும் என் தீர்ப்பு இதுவே: பொறி இல்லாமல் வீட்டிலேயே பழகலாம், ஆனால் பயின்றவர் கண்காணிப்பு இல்லாமல் வீட்டார் அன்பு மட்டும் போதாது. எண்ணிக்கையும் தனித்துப் போதாது. மருத்துவமனைகளில் ஓர் அமர்வில் கைக்குக் கிடைத்த செயற்பயிற்சி ஏறத்தாழ 32 முறையே என்று கேத்தரின் லாங் என்னும் ஆய்வாளர் 2009இல் கண்டறிந்தார். ஆனால் நாட்பட்ட நோயரிடம் 3200, 6400, 9600 முறை எனக் கூட்டிப் பார்த்த அவரது 2016ஆம் ஆண்டு ஆய்வில், கூடக்கூடப் பயன் கூடவில்லை. நாளுக்கு நாள் படியை உயர்த்தி, பிழையான அசைவைத் திருத்தும் கண் உடனிருக்க வேண்டும்.

அக்கண்ணை ஊர்தோறும் கொண்டுசெல்லும் அரிய முயற்சி நம் நாட்டிலேயே நடக்கிறது. 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’, குருதி மிகையழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவருவதோடு, இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்புகிறது. இத்திட்டத்துக்கு 2024இல் ஒன்றிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது. மிகையழுத்தமே மூளைத்தாக்கின் முதற்பெரும் ஏது என்பதால், மருந்தும் பயிற்சியும் ஒரே வாயிலில் வந்து சேர்வது அறிவியலுக்கு முற்றும் இயைந்தது. கருங்குழி போன்ற ஊரில், தளர்ந்த காலோடு பேருந்தேறிச் செங்கல்பட்டுக்குச் சென்று வர ஒரு நாளும் உழைக்கும் ஒருவரின் கூலியும் செலவாகும். இனி வேண்டுவது வருகையின் எண்ணிக்கை. ஒரு நோயர்க்கு முதல் மூன்று திங்களில் முப்பது முறைக்குக் குறையாமல் மருத்துவர் வர வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். அதற்கேற்ப ஆட்களைப் பெருக்குவது அரசின் கடன்.

வீட்டுக்கு வரும் மருத்துவர் கவனிக்க வேண்டியது நம் வாழ்முறையை. மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் பல நாற்காலியில் அமர்ந்து எழுவதையே எல்லையாகக் கொள்கின்றன. நம்மவர் பலர் தரையில் அமர்ந்து உண்பர். குந்தியிருந்து காலைக்கடன் கழிப்பர். ஆகவே உயரமான கட்டிலிலிருந்து எழுதலில் தொடங்கி, நாற்காலி, தாழ்ந்த திண்ணை, மணை எனப் படிப்படியாக இருக்கையைத் தாழ்த்தி, இறுதியில் தரையிலிருந்து கைத்துணையின்றி எழுதல்வரை பழக்க வேண்டும். இருக்கை ஒரு சாண் தாழும்தோறும் தொடைத்தசைக்குச் சுமை கூடுகிறது; எடைக்கற்கள் வேண்டாத வலிமைப் பயிற்சி இது. விரல்களுக்குப் பல்லாங்குழியை விஞ்சிய பயிற்சிப் பலகை எனக்குத் தெரியாது: குழியிலிருந்து சோழியை அள்ளல், உள்ளங்கையில் அடக்கல், ஒவ்வொன்றாக நழுவவிடல், எண்ணுதல் என நான்கு திறன்களும் ஒருங்கே பழகுகின்றன. நூடோவின் குரங்குகள் பயின்றதும் இவ்வகைச் செயலே. வேர்க்கடலை உரித்தல், கீரை ஆய்தல், சொம்பிலிருந்து நீர் ஊற்றுதல், வேட்டி முடிதல் ஆகியவையும் அவ்வாறே. நடைக்கு முதலில் வீட்டுத்தளம், பின் தெரு, பின் மேடுபள்ளமான ஏரிக்கரை.

தவிர்க்க வேண்டுவனவும் உண்டு. விட்டத்தில் கப்பி கட்டி, கயிற்றின் ஒரு முனையில் நலமான கையால் இழுத்து, மறுமுனையில் தளர்ந்த கையை உயர்த்தும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. தளர்ந்த தோள்மூட்டு குழியிலிருந்து சற்றே நழுவியிருக்கும் நிலையில் இவ்விழுப்பு கடுந்தோள்வலியை விளைவிக்கும். ஆகவே நெறிநூல்கள் இதனை விலக்குகின்றன. எழுப்பிவிடும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுப்பதும் அத்தகையதே. இடுப்பைப் பிடித்தே எழுப்ப வேண்டும். இறுகி மூடிய கையில் மெதுபந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. அக்கைக்கு வேண்டுவது திறக்கும் பயிற்சி.

இவையெல்லாம் நோயர்க்கும் வீட்டார்க்கும் தமிழில் சொல்லப்பட வேண்டும். எழுதியும் தரப்பட வேண்டும். கூட்டியக்கம், கைவிடற் பழக்கம், நெகிழ்மை என்று சொன்னால் எழுத்தறியாப் பாட்டியும் தலையசைத்து உணர்வார்; தாம் செய்வது எதற்கென்று உணர்ந்தவரே மருத்துவர் வாராத நாளிலும் செய்வார். எவ்வறிவையும் தாங்கும் வன்மை தமிழுக்கு உண்டு. மருத்துவச் சீட்டில் அதற்கு இடம் தருவது மருத்துவர் கையில் உள்ளது.

எஞ்சியது துணிவு. தன் திறனில் ஒருவர் கொள்ளும் நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து பிறக்கிறதென உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வகுத்துரைத்தார்: தாமே செய்து முடித்த செயல், தம்மை ஒத்தவர் செய்யக் காணல், பிறர் கூறும் ஊக்கவுரை, தம் உடலுணர்வைத் தாம் கொள்ளும் பொருள். இவற்றுள் முதலாவதே வலியது. ஊக்கவுரை அதனினும் மெலியது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். சோற்றை ஊட்டி, சட்டையை மாட்டி, எல்லாவற்றையும் மகளோ மருமகளோ செய்துவிட்டு, ‘எல்லாம் நலமாகிவிடும்ப்பா’ என்று வாயால் மட்டும் ஊக்குகின்றனர். அரைமணி நேரம் ஆனாலும் பொத்தானை அவரே போட்டுக்கொள்ளட்டும் என விடுவது அவர்களுக்குக் கடினம். ஆனால் அந்த அரைமணியில்தான் துணிவு பிறக்கிறது. மூளைத்தாக்குற்றவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு உளச்சோர்வு நேர்கிறது. உணவும் உறக்கமும் பயிற்சியும் வெறுத்துக் கிடந்தால் சோம்பலென்று கடியாது, மருத்துவரிடம் சொல்லி அதற்கும் மருத்துவம் பெற வேண்டும். தம்மை ஒத்தவர் செய்யக் காண்பதற்கு, கிழமைக்கு ஒருநாள் ஊரின் நலவாழ்வு நிலையத்தில் நோயர் ஐவரோ அறுவரோ கூடிப் பழகுதல் நன்று.

துணிவுக்குரிய தேர்வாகப் பேருந்தை நான் கொள்வேன். அதன் முதற்படி உயரமானது, கம்பியைப் பற்றக் கை வேண்டும், வண்டி நகரும்முன் உடலை நிலைநிறுத்த வேண்டும். அதற்கு வீட்டு வாயிற்படியிலேயே பழகத் தொடங்கலாம். ஏறுகையில் நலமான கால் முதலில் செல்லும். இறங்குகையில் தளர்ந்த கால் முதலில் செல்லும். துணைவர் எப்போதும் கீழ்ப்படிப் பக்கம் நிற்க வேண்டும்: ஏறும்போது பின்னே, இறங்கும்போது முன்னே. வாயிற்படியில் பிழையின்றி வந்தபின், கூட்டமில்லாப் பிற்பகலில், துணைவரோடு கருங்குழியிலிருந்து மதுராந்தகம்வரை சென்று திரும்பலாம். சிலமுறை அவ்வாறு சென்றபின் துணைவர் பின்னிருக்கையில் அமர்ந்து, பயணச்சீட்டை நோயரே வாங்கும்படி விட வேண்டும்.